கல்லூரியைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

கோர்ட்டோரம் | கோவை

2025 என்பிஏ டிராஃப்ட் (அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2023இல் முதல் ஐந்து இடங்களில் வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டர் வெம்பன்யாமா பிரான்ஸிலிருந்து வந்தவர். பிராண்டன் மில்லர் அலபாமா பல்கலைக்கழகம். ஸ்கூட் ஹெண்டர்சன் ஜி லீக் இக்னைட், அதாவது கல்லூரிக்குப் போகாத பையன்களுக்காக என்பிஏ தன் கிளை லீகில் நடத்திய சம்பள அணி. நான்காவதும் ஐந்தாவதும் தாம்சன் இரட்டையர்கள், இருவரும் ஓவர்டைம் எலீட் என்ற, பையன்களுக்குச் சம்பளம் தரும் தனியார் லீக். ஐந்து பேரில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒரே ஒருவர்.

இந்த வருடம் ஃப்ளாக், ஹார்ப்பர், எட்ஜ்கோம், கனிப்பல், பெய்லி. ஐந்து பேருமே கல்லூரியில் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்தவர்கள். நடுவில் போனது இரண்டே வருடம்தான். "கல்லூரி எதற்கு, நேராகச் சம்பளம் வாங்கலாம்" என்று அப்போது எல்லோரும் பேசினோமே, அதெல்லாம் என்ன ஆயிற்று? இக்னைட் 2024இல் கடையையே மூடிவிட்டது. பையன்களுக்குத் திடீரென்று படிப்பில் ஆசை வந்துவிட்டதா?

வலைக்குள் பந்து | சிங்கப்பூர்

படிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை தம்பி. இப்போது கல்லூரியிலேயே காசு தருகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். இழையைப் பூட்டிவிடலாம்.

பழைய ரசிகன் | நியூ ஜெர்சி

பூட்ட வேண்டாம். வலைக்குள் பந்து சொன்னது சரிதான், ஆனால் அது கடைசி அத்தியாயம். முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு காலத்தில் பள்ளியை விட்டு நான்கு வருடம் ஆகாத யாரையும் என்பிஏ சேர்த்துக்கொள்ளாது. அந்த நான்கு வருடமும் நீங்கள் கல்லூரியில் இருந்தாலும் சரி, திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஸ்பென்சர் ஹேவுட் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்தவர். வீட்டுக்குப் பணம் இப்போதே வேண்டும், நான்கு வருடம் கழித்து வந்து என்ன பயன் என்பதுதான் அவர் கேள்வி. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர் பக்கம் நின்றது. பிறகு, வீட்டில் கஷ்டம் என்று காட்டினால் முன்னதாக வரலாம் என்று ஒரு விதி வந்தது.

1974இல் மோசஸ் மலோன், வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் பள்ளியை முடித்த கையோடு, போட்டி லீகான ஏபிஏவில் யூட்டா ஸ்டார்ஸ் அணிக்குப் போனார். மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த வருடம் டாரில் டாகின்ஸும் பில் வில்லபியும் பள்ளியிலிருந்து நேரே என்பிஏவுக்கு வந்தார்கள். அதன்பிறகு இருபது வருடம் அந்தக் கதவு திறந்தபடியே கிடந்தது, ஆனால் பள்ளியிலிருந்து நேரே டிராஃப்டில் எடுக்கப்பட்டவர் யாரும் இல்லை.

1995இல் கெவின் கார்னெட் வந்தார். சிகாகோ ஃபாரகட் அகாடமி பையன், மினசோட்டா 5ஆவதாக எடுத்தது. மறு வருடம் கோபி பிரையன்ட். கோபிக்கு அப்போது 17 வயது. ஒப்பந்தத்தில் அப்பா அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மைனர் பையன்! அதற்கப்புறம் அணை உடைந்ததுபோல் ஆகிவிட்டது. மெக்ரேடி, லெப்ரான், டுவைட் ஹோவர்ட் என்று 2005 வரை சுமார் நாற்பது பேர்.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு | திருச்சி

நல்ல பெயர்களாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டீர்கள் அண்ணே. குவாமே பிரவுனை ஏன் விட்டீர்கள்? 2001இல் பள்ளியிலிருந்து வந்து முதல் இடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள். எடுத்தது சாட்சாத் மைக்கேல் ஜோர்டான். கார்லியோன் யங் என்று ஒருவர், 1998இல் டெட்ராய்ட் 40ஆவதாக எடுத்தது, என்பிஏவில் மொத்தம் மூன்றே ஆட்டம். லென்னி குக்? 2001 கோடைக்கால முகாமுக்கு வரும்போது நாட்டிலேயே பெரிய பெயர். லெப்ரான் அங்கே வைத்து அவரைச் சாய்த்தார். 2002 டிராஃப்டில் குக்கை யாருமே எடுக்கவில்லை.

ஒரு லெப்ரானைப் பார்த்துவிட்டு நூறு பையன்கள் கிளம்புகிறார்கள். அந்த நூறு பேரின் கதை எங்கும் வராது.

பழைய ரசிகன் | நியூ ஜெர்சி

குவாமே பிரவுனைத் தோல்வி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12 சீசன் என்பிஏவில் ஆடியிருக்கிறார். இங்கே எழுதுகிற நம்மில் எத்தனை பேர் ஒரே துறையில் 12 வருடம் தாக்குப்பிடித்திருக்கிறோம்? முதல் இடத்துக்குரிய ஆட்டம் அவரிடம் இல்லை என்றால் அது எடுத்தவரின் கணக்குப் பிழை. பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்?

லென்னி குக் விஷயம் வேறு, அது வருத்தமானதுதான். ஆனால் ஒன்று. அவரைத் திரும்பக் கல்லூரிக்குள் விடாதது யார்? ஏஜென்டோடு கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு சரி என்பது அப்போது என்சிஏஏவின் (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதி. ஒரு தடவை தப்பாகக் குதித்தால் ஏறி வர அப்போது ஏணியே கிடையாது. குதித்தவனை மட்டும் குற்றம் சொல்கிறோம், ஏணியை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளை | சென்னை

எல்லோரும் "சீக்கிரம் போனால் சீக்கிரம் காசு" என்றே பேசுகிறீர்கள். கணக்கு அங்கே இல்லை. ஒரு வருடம் முன்னால் போவதன் லாபம் முதல் வருடச் சம்பளத்தில் இல்லை, பிற்பாடு வருவதில் இருக்கிறது.

1995இலிருந்து முதல் சுற்றில் வருகிற புதியவர்களுக்குச் சம்பளம் இடவாரியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, பேரம் பேச இடமே இல்லை. இப்போதைய முறையில் முதல் இரண்டு வருடம் உறுதி, அடுத்த இரண்டு வருடம் அணி விரும்பினால். ஐந்தாவது வருடத்தில்தான் ஆட்டக்காரர் தன் உண்மையான விலையைப் பார்க்கிறார். ஆறு வருட அனுபவம் வரை ஒருவருக்கு அணியின் சம்பள உச்சவரம்பில் 25 சதவீதம்தான் அதிகபட்சம், 7 முதல் 9 வருடம் என்றால் 30, பத்துக்கு மேல் 35. 2025-26க்கு உச்சவரம்பு 15.46 கோடி டாலர். 25 சதவீதம் என்றால் 3.86 கோடி. ஆக, கல்லூரியில் ஒரு வருடம் உட்கார்ந்தால் இந்த ஏணி மொத்தமும் ஒரு படி தள்ளிப்போகிறது. உடம்பு எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கழிவது கடைசியில் வரும் கொழுத்த வருடம்.

உதாரணம் வேண்டுமா? கார்னெட்டும் டிம் டங்கனும் 1976இல் பிறந்தவர்கள், ஒரு மாதம்கூட வித்தியாசம் இல்லை. டங்கன் வேக் ஃபாரஸ்டில் நான்கு வருடம் படித்து முடித்து 1997இல் டிராஃப்டுக்கு வந்து, நிர்ணயித்த புதியவர் சம்பளத்தில் கையெழுத்துப் போட்டார். அதே 1997இல் கார்னெட் போட்டது ஆறு வருடத்துக்கு 12.6 கோடி டாலர். அந்த ஒப்பந்தம்தான் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. 1998இல் கதவடைப்பு, அந்த சீசனே 50 ஆட்டமாகச் சுருங்கிப்போனது.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு | திருச்சி

டங்கனுக்கு ஐந்து கோப்பை, கார்னெட்டுக்கு ஒன்று. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் பிள்ளைவாள்.

டங்கன் ஏன் நான்கு வருடம் இருந்தார் தெரியுமா? பட்டம் வாங்குவேன் என்று இறந்துபோன அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அவர் இரண்டாம் வருடம் முடிந்ததுமே வந்திருந்தால் அப்போதே கோடிகளில் புரண்டிருப்பார். எல்லாவற்றையும் சதவீதமாகப் பார்க்க முடியாது.

கணக்குப்பிள்ளை | சென்னை

கோப்பைக்கு சான் அன்டோனியோ காரணம், வேக் ஃபாரஸ்ட் அல்ல. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர் விருப்பம். நான் கேட்பது விருப்பத்தைப் பற்றித்தான். 2005க்குப் பிறகு அந்த விருப்பமே பறிக்கப்பட்டது.

அந்த வருடத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்? டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கேட்டது 20. வீரர்கள் சங்கத்தோடு இழுபறி நடந்து 19இல் முடிந்தது. சங்கம் ஏன் ஒத்துக்கொண்டது? 30 அணி, அணிக்கு 15 இடம், மொத்தம் 450 வேலை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்தால் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் வெளியே போக வேண்டும். சங்கத்தில் ஓட்டு முப்பத்து நான்கு வயதுக்காரருக்கு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை. அவனைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் அவன் சார்பாக ஒருவரும் கிடையாது.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் மாரிஸ் கிளாரெட் போய்ப் பார்த்தார். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் சோனியா சோட்டோமயோர். வயது விதியெல்லாம் சங்கமும் லீகும் பேசித் தீர்க்கும் விஷயம் என்றார். ஹேவுட் திறந்த கதவு அப்படித்தான் சாத்தப்பட்டது, அதுவும் சட்டப்படி.

வலைக்குள் பந்து | சிங்கப்பூர்

ஆனால் முதலாளிகள் சொன்ன காரணம் கேட்க எவ்வளவு அழகாக இருந்தது. பையன்கள் முதிர்ச்சி அடையட்டும், படிக்கட்டும்! ஒரு வருடம் கல்லூரிக்குப் போய், மார்ச் மாதம் போட்டி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் என்ன படித்திருப்பான்? உண்மையான லாபம் என்ன என்றால், ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) ஊர் ஊராகப் பள்ளி மைதானம் அலைய வேண்டாம். பையன் பெரிய மேடையில் ஒரு வருடம் இலவசமாக ஆடிக் காட்டுவான், தேறுவானா என்று தெரிந்துவிடும். பரிசோதனைச் செலவு கல்லூரிக்கு, காயம் பட்டால் நஷ்டம் பையனுக்கு.

ஜயான் வில்லியம்சன் ஞாபகம் இருக்கிறதா? 2019 பிப்ரவரி 20, டியூக், நார்த் கரோலினா ஆட்டம். ஒபாமா வந்து உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. தொடங்கி 36 விநாடி. நைக்கி ஷூ அப்படியே பிளந்து, பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அரங்கத்தில் அன்று பணம் பார்க்காத ஒரே ஆள் அவன்தான். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. கோடிகள் அன்றைக்கு ஒரு தசைநார் அளவில் தொங்கிக்கொண்டிருந்தன.

கோர்ட்டோரம் | கோவை

அந்த ஆட்டத்தை நான் தூக்கத்தை விட்டுப் பார்த்தேன். தூங்கியிருந்தாலும் 36 விநாடிதான் நஷ்டம் :)

சரி, கல்லூரியும் வேண்டாம், என்பிஏவும் சேர்க்காது என்றால் வெளிநாடு ஒரு வழி இருந்ததே, பிராண்டன் ஜெனிங்ஸ் மாதிரி?

பழைய ரசிகன் | நியூ ஜெர்சி

ஜெனிங்ஸ்தான் முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர், 2008இல் இத்தாலியில் ரோமா அணிக்குப் போய்விட்டார். அங்கே பெரும்பாலும் பெஞ்சுதான். ஆனாலும் 2009இல் மில்வாக்கி 10ஆவதாக எடுத்தது, நவம்பரில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி. அடுத்து ஜெரமி டைலர், பள்ளியின் கடைசி வருடத்தையே விட்டுவிட்டு இஸ்ரேலில் மக்காபி ஹைஃபாவுக்குப் போனார். அது தேறவில்லை, 2011இல் 39ஆவதாகத்தான் போனார். எம்மானுவல் முடியாய் சீனாவில் குவாங்டாங், பிறகு 7ஆவது தேர்வு. லமெலோ பால் 16 வயதில் லிதுவேனியா, பிறகு ஆஸ்திரேலியாவில் இல்லவாரா ஹாக்ஸ், 2020இல் 3ஆவது, அடுத்த வருடம் சிறந்த புதுமுகம்.

எனக்குப் பிடித்தது டேரியஸ் பேஸ்லி. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு நியூ பேலன்ஸ் ஷூ கம்பெனியில் இன்டர்ன் வேலைக்குப் போனார். பத்து லட்சம் டாலர் இன்டர்ன்ஷிப்! ஆடியதே இல்லை, தனியாகப் பயிற்சி எடுத்தார், 2019இல் 23ஆவதாக எடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் இன்டர்ன் பையன்களுக்கு இலவச காபி தருகிறோம்.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு | திருச்சி

ஹாஹா. நம்மூர்க் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. சத்னாம் சிங், பஞ்சாபில் பல்லோ கே கிராமம், ஏழடி இரண்டு அங்குலம். 14 வயதில் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனவர். 2015இல் டாலஸ் 52ஆவதாக எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் வந்த முதல் இந்தியர் என்று நாம் கொண்டாடினோம். அமெரிக்கர்கள் பார்த்தது வேறு: 2005க்குப் பிறகு கல்லூரியும் இல்லாமல் வெளிநாட்டு லீகும் இல்லாமல் பள்ளிப் பக்கமிருந்து வந்த முதல் ஆள். ஆனால் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டாலஸின் கிளை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு வருடம் அதிகம் பெஞ்சில்.

என்னைக் கேட்டால், அவருக்குக் கல்லூரியில் மூன்று வருடம் தினமும் ஆட இடம் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். ஆடாமல் யாரும் வளர்வதில்லை.

பழைய ரசிகன் | நியூ ஜெர்சி

இதை ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மைன் ஓநீல் போர்ட்லண்ட் பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்தார். 2000இல் இண்டியானாவுக்கு மாற்றிய பிறகு ஆறு முறை ஆல்-ஸ்டார். அவர் பொறுத்துக்கொண்டார், எல்லோராலும் முடியாது.

மட்டுறுத்துனர்

"ஜோர்டானா லெப்ரானா" என்று நடுவில் கிளம்பிய எட்டுப் பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | சென்னை

நன்றி. கோர்ட்டோரம் கேட்டதற்கு வருகிறேன்.

பையன்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போகத் தொடங்கியதும் என்பிஏவே 2020இல் இக்னைட் அணியை உருவாக்கியது. முதலில் கையெழுத்துப் போட்டவர் ஜேலன் கிரீன், வருடத்துக்கு 5 லட்சம் டாலர் அளவில். நம் பிரின்ஸ்பால் சிங்கும் முதல் அணியில் இருந்தார். 2021இல் கிரீன் 2ஆவது, குமிங்கா 7ஆவது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதே அணியில் ஆடி, டிராஃப்டில் ஐந்துக்குள் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஜேடன் ஹார்டி 37க்குச் சரிந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே எதிரே நிற்பவர்கள் வேலை தேடும் 27 வயது ஆண்பிள்ளைகள், பையன் என்று பார்த்துத் தோள் கொடுக்க மாட்டார்கள். கடைசி சீசனில் 34 ஆட்டத்தில் இரண்டு வெற்றி. அப்படி ஆடியும் 2024இல் ரான் ஹாலண்டை 5ஆவதாக எடுத்தார்கள் என்பது வேறு.

ஆட்டம் மோசமாக இருந்ததால் மூடினார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 21, என்சிஏஏவுக்கு எதிரான ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றது. பத்து நாளில், ஜூலை 1 முதல், கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று என்சிஏஏ இறங்கி வந்தது. அதே வருடம்தான் ஓவர்டைம் எலீட் அட்லான்டாவில் குறைந்தபட்சம் ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்று கடை திறந்தது. எதற்காகக் கல்லூரியைத் தாண்டினார்களோ அது கல்லூரிக்குள்ளேயே வந்துவிட்டது. பிறகு ஓவர்டைமே, சம்பளம் வேண்டாம், கல்லூரிக்குப் போகும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வழி வைத்தது. அங்கேயே தெரிந்துவிட்டது.

2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாக ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் வரை. 2025-26 சீசனுக்காகப் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஏஜே டிபான்ட்சாவுக்கு 50 முதல் 70 லட்சம் டாலர் வரை என்று செய்திகள் வந்தன. இக்னைட்டின் 5 லட்சம் அதன் முன்னால் எங்கே நிற்கும்?

வலைக்குள் பந்து | சிங்கப்பூர்

இதைத்தானே இரண்டாவது பதிவில் ஒரே வரியில் சொன்னேன்.

இன்னொன்று, ஓட்டம் இப்போது திசையே மாறிவிட்டது. ரியல் மாட்ரிட் பாசறையில் வளர்ந்த யெகோர் டியோமின் அமெரிக்காவுக்கு வந்து கல்லூரியில் ஆடி இந்த வருடம் 8ஆவதாகப் போனார். பார்சிலோனாவிலிருந்து யகுச்சியோனிஸ் இலினாய்ஸ் வந்து 20ஆவது. என்பிஏ நட்சத்திரம் டான்சிச் 13 வயதில் மாட்ரிட் போய், 16இல் சீனியர் அணியில் ஆடி, 19இல் யூரோலீகின் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டி) சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அடுத்த டான்சிச் அந்த வழியில் வருவாரா என்று ஐரோப்பிய கிளப்புகள் இப்போது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கின்றன.

ஃப்ரீத்ரோ | டொரோன்டோ

இவ்வளவு பேசினீர்கள், ஒருவருக்கும் பெண்கள் ஞாபகம் வரவில்லை. ஆண்களுக்கு ஒரு வருடம் காத்திருப்பது அநியாயம் என்றால் எங்கள் கதையைக் கேளுங்கள். பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் அமெரிக்கப் பெண் சேர, டிராஃப்ட் ஆண்டில் 22 வயது ஆக வேண்டும், அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும். நடைமுறையில் நான்கு வருடக் கல்லூரி. வெளிநாட்டுப் பெண் என்றால் 20 போதும்.

அதை எதிர்த்து ஏன் பெரிதாகச் சத்தம் இல்லை? கெய்ட்லின் கிளார்க் 2024இல் முதல் இடத்தில் போனபோது முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். ஆம், கோடி அல்ல, ஆயிரம். அயோவா கல்லூரியில் இருந்தபோதே விளம்பரத்தில் அதைவிடப் பல மடங்கு பார்த்தவர். ஆக எங்கள் பக்கம் கேள்வி தலைகீழ். சீக்கிரம் ஏன் விடவில்லை என்பதைவிட, எதற்காக அவசரப்பட்டுப் போக வேண்டும் என்பதே கேள்வியாக இருந்தது.

கோர்ட்டோரம் | கோவை

இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. 76 ஆயிரமா? என்பிஏவில் அந்த வருடம் முதல் இடத்தில் போனவருக்கு எவ்வளவு?

ஃப்ரீத்ரோ | டொரோன்டோ

ஒரு கோடிக்கு மேல். இரண்டு லீகின் வருமானமும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும், யாரும் அதைச் சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

சார்லட் அம்மா | நார்த் கரோலினா

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பையனுக்கு 15 வயது, ஆறடி மூன்று அங்குலம், கோடையில் ஏஏயூ (பள்ளிக்கு வெளியே நடக்கும் இளையோர் போட்டிகள்) அணியில் ஆடுகிறான். டிராஃப்டுக்குப் போகிற அளவு ஆட்டம் அவனிடம் இல்லை, எனக்குத் தெரியும், அவன் கோச்சுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்றுதான் சந்தேகம்.

போன மாதம் ஒரு போட்டி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் வந்து பேசினார். வேறு மாநிலத்தில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளி, அங்கே சேர்த்தால் ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்கலாம், ஒரு வயது கூடுதலாக, ஒரு அங்குலம் கூடுதலாகக் கல்லூரி கோச்சுகள் கண்ணில் படலாம் என்றார். கட்டணம் கேட்டதும் என் கணவர் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நான்தான் நின்று முழுவதும் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உங்களிடம் படித்த பையன்களில் எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது என்று. இன்ஸ்டாகிராமில் பாருங்கள் என்றார்.

கணக்குப்பிள்ளை தம்பி சொன்ன கணக்கு முதல் முப்பது பேருக்குத்தானே? மற்றவர்களுக்கு?

கணக்குப்பிள்ளை | சென்னை

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. நான் எழுதியதெல்லாம் முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் எடுத்தால் எந்தச் சம்பளமும் தானாக உறுதி இல்லை, ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எடுக்கப்படாதவர்களுக்கு ஜி லீக், துருக்கி, பிலிப்பைன்ஸ் என்று சூட்கேஸ் வாழ்க்கை. அவர்களுக்குக் கல்லூரி நான்கு வருடமும் இருப்பதுதான் நல்லது. இப்போது காசும் வருவதால் இன்னும் நல்லது. என் வாதம், சேர்க்கக் கூடாது என்று விதி போட்டுத் தடுப்பதைப் பற்றியது மட்டும்.

வகுப்பைத் திரும்பப் படிப்பது இப்போது அங்கே பரவலாக நடக்கிறது. எதிர்த்திசையிலும் நடக்கிறது. கூப்பர் ஃப்ளாக் ஒரு வருடம் முன்னதாகப் பள்ளியை முடித்துத்தான் டியூக் போனார். அதனால்தான் டிராஃப்ட் இரவில் அவருக்கு 18 வயது. விதியை மீறவில்லை, விதிக்குள்ளேயே கடிகாரத்தை முன்னால் திருப்பிவிட்டார். யாருடைய பையன் எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பதிலேயே அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும்.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு | திருச்சி

அக்கா, நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவன், என்பிஏவைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை, ஆனால் 15 வயதில் ஆறடி இருந்த பையனாக இருந்திருக்கிறேன். (அதன்பிறகு ஓரங்குலம் குறைந்துவிட்டேன் என்று வீட்டில் கிண்டல்.) எங்கள் காலத்தில் கனவே வேறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை. காலையில் ஆபீஸ், மாலையில் கோர்ட். அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டேதான் இந்திய அணித் தலைவியாக ஆடி பத்மஸ்ரீ வரைக்கும் போனார். எங்களுக்கு ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருந்தது. அமெரிக்காவில் ஆட்டம் முடிந்த நாளில் எல்லாம் முடிகிறது, அதனால்தான் நான் பட்டம் பட்டம் என்று அடித்துக்கொள்கிறேன்.

பழைய ரசிகன் | நியூ ஜெர்சி

பட்டம் எங்கும் ஓடிப்போகாது தம்பி. ஸ்டெஃபன் கரி 2009இல் மூன்றாம் வருடத்தோடு டேவிட்சனை விட்டார், 2022இல் முடித்தார். வின்ஸ் கார்ட்டர் 2001 மே 20 காலையில் சேப்பல் ஹில்லில் பட்டமளிப்பு விழாவுக்குப் போய் அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அன்றே விமானம் ஏறி பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஆடினார். கடைசி ஷாட் அவருடையது, உள்ளே போகவில்லை. 88-87. பட்டம் வாங்கப் போனதால்தான் தோற்றோம் என்று டொரோன்டோ ரசிகர்கள் இன்னும் திட்டுகிறார்கள்.

ஃப்ரீத்ரோ | டொரோன்டோ

இன்னும் திட்டுகிறோம். உறுதி செய்கிறேன்.

சார்லட் அம்மா | நார்த் கரோலினா

பையனிடம் இந்த இழையை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் புரியும், வாசிக்க வராது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த பேஸ்லி செய்த இன்டர்ன்ஷிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கிறான்.

கணக்குப்பிள்ளை | சென்னை

முதலில் டிராஃப்டில் எடுக்கப்படும் அளவுக்கு ஆட வேண்டும் என்று சொல்லுங்கள் அக்கா :)

கோர்ட்டோரத்துக்கு: ஃப்ளாக்கின் முதல் வருடச் சம்பளம் எவ்வளவு என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். சுமார் 1.38 கோடி டாலர். அட்டவணையில் இருப்பது அதைவிடக் குறைவு, ஆனால் அணிகள் அட்டவணைத் தொகையில் 120 சதவீதம் வரை தரலாம், பொதுவாக அதையேதான் தருவார்கள். அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு நான் தப்பாகச் சொன்னேன் என்று யாரும் வர வேண்டாம்.

கோர்ட்டோரம் | கோவை

நன்றி. வெள்ளிக்கிழமை அதிகாலை லாஸ் வேகஸில் அவர் முதல் சம்மர் லீக் ஆட்டம், லேக்கர்ஸோடு. யார் விழித்திருக்கிறீர்கள்?